புதிய கைநாட்டு

சென்னை நகரின் தென்பாகத்தில், அடையாற்றின் முகத்துவாரத்துக்கு அருகே, ஒருபுறம் பெஸன்ட் நகரின் மாடி வீடுகளும் மறுபுறம் வங்கக் கடலும் நெருக்க, இடையே மணலில் அமைந்திருக்கிறது ஊரூர் ஒல்காட் குப்பம். மீன்பிடிப்பைத் தொழிலாகக் கொண்ட இந்தக் குப்பத்தின் பெயரோடு ஓர் அமெரிக்கரின் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது புதிதாகக் கேட்போருக்கு வியப்பாக இருக்கலாம். பிரம்மஞான சங்கத்தின் முதல் தலைவரான கர்னல் ஹென்றி ஒல்காட் 1882-ம் ஆண்டின் இறுதியில் சங்கத்தின் தலைமை ஸ்தானத்தை அடையாற்றுக்குக் கொண்டுவந்தார். தீண்டப்படாதோர் என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தவர்களின் குழந்தைகளுக்காக 1894-ல் இந்தப் பக்கத்திலேயே இலவசப் பாடசாலை ஒன்றைத் திறந்தார். அவர் பெயரால் நடைபெறும் பள்ளி இன்றும் இங்கே இருக்கிறது. கோயில் வாசலுக்கும் கிணற்றடிக்கும் வரலாகாது என்று தடுக்கப்பட்டவனுடைய குழந்தையின் கையில் பலகையையும் பலப்பத்தையும் கொடுப்பது அந்நாளில் எத்தகைய காரியம் என்பதைத் தேசத் தொண்டில் ஈடுபட்டவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

எழுத்தறியாதவனுக்கு அந்நாளில் நேர்ந்த இன்னல்களில் முதன்மையானது கைநாட்டு. லேவாதேவிக்காரர் எழுதிவைத்த பத்திரத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாமலே பெருவிரலை மையில் தோய்த்து வைத்துவிட்டு வருவான். வட்டி விகிதம் என்ன, தவணை எப்போது, ஈடாக எழுதப்பட்டது வீடா படகா என்பதெல்லாம் கோர்ட்டுக்குப் போன பிறகுதான் அவனுக்குத் தெரியவரும். எழுத்தறிவு பரவப் பரவக் கைநாட்டும் ஒழியும் என்று நம்பினோம். பெருமளவுக்கு ஒழிந்தும் இருக்கிறது. ஆனால் இன்று, பத்தாம் வகுப்பு வரையில் பழுதில்லாமல் படித்த பிள்ளை, கைப்பேசியில் ஒரு செயலியைப் புதிதாகத் திறக்கும்போது, திரையில் வரும் நீண்ட இங்கிலீஷ் வாசகத்தைப் படிக்காமலே கீழே உள்ள ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானைத் தொட்டுவிடுகிறான். தன் பெயர், தன் இருப்பிடம், தன் படங்கள், தாயாரின் தொலைபேசியிலுள்ள எண்கள் எல்லாவற்றையும் யாருக்கோ எடுத்துக் கொடுக்கச் சம்மதித்தோம் என்பதை அவன் அறியான். மை இல்லை என்பதைத் தவிர இதற்கும் பழைய கைநாட்டுக்கும் என்ன வித்தியாசம்? குப்பத்துப் பிள்ளைக்கு மட்டும் இது நேர்கிறது என்று மாடி வீட்டார் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் பிள்ளைகளும் படிக்காமலேதான் தொடுகிறார்கள். ஆனால் ஏமாந்தால் வக்கீலிடம் போக அவர்களிடம் பணம் இருக்கிறது.

மாணவர்களுக்குக் கணினியின் அடிப்படைகளையும் கணினிச் சொற்களையும் கற்பிக்கும் விஷயத்தை இந்தக் கண்கொண்டே நோக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். கணினிப் பயிற்சி என்றதுமே உத்தியோகம், சம்பளம், வெளிநாடு என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. உத்தியோகம் சிலருக்குக் கிடைக்கும், பலருக்குக் கிடைக்காது. பொத்தானைத் தொடாமல் இருக்கக்கூடிய பிரஜையோ இந்நாட்டில் இனி ஒருவனும் இரான். ரேஷன், வங்கி, பரீட்சை முடிவு, ரயில் டிக்கெட், மீனவர் நிவாரணம் எல்லாமே திரை வழியாக வருகின்றன. ஆகவே இதைத் தொழிற்கல்வியாகக் கருதுவதைவிட எழுத்தறிவின் ஒரு பகுதியாகக் கருதுவதே பொருந்தும்.

இவ்விஷயத்தை இப்போது எழுத வேண்டிய அவசியம் ஒரு சட்டத்தினால் ஏற்பட்டிருக்கிறது. பார்லிமெண்டு 2023-ம் ஆண்டு ஆகஸ்டில் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒருவருடைய தரவுகளைக் கேட்கும் ஸ்தாபனம், எதற்காகக் கேட்கிறது என்பதை அவருக்கு அறிவித்து ஒப்புதல் பெற வேண்டும். அந்த அறிவிப்பை இங்கிலீஷிலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் கண்ட 22 பாஷைகளில் ஒன்றிலோ படித்துக்கொள்ளும் வசதியை அளிக்க வேண்டும் என்று அதில் விதித்திருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவராயின் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; ஒப்புதல் பற்றிய பிரிவுகள் அதிலிருந்து பதினெட்டு மாதத் தவணைக்குப் பிறகு அமலுக்கு வரும் என்று வைத்திருக்கிறார்கள். அதாவது, தமிழில் கேட்கத் தமிழனுக்குச் சட்டப்படி உரிமை கிடைத்திருக்கிறது. இது சிறிய ஆதாயமன்று. இதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் வரப்போகும் அந்தத் தமிழ் எப்படி இருக்கும்? ‘தரவு’, ‘தரவுச் செயலாக்கம்’, ‘மறையாக்கம்’, ‘குக்கீகள்’ என்று ஓர் அறிவிப்பு வந்தால் அதைப் படித்துப் பொருள் கொள்ளக்கூடியவர் எத்தனை பேர்? மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த தாய், மகனைக் கூப்பிட்டு ‘இது என்னடா?’ என்று கேட்பாள். மகனுக்கும் தெரியாவிட்டால் சட்டம் கொடுத்த உரிமை காகிதத்தோடு நின்றுவிடும். தமிழில் எழுதிவிட்டோம் என்று ஸ்தாபனத்தார் தப்பித்துக்கொள்ள ஒரு வழி ஏற்பட்டதே மிச்சமாகும். தமிழில் எழுதியதும் புரியாமல் போனால், பிறகு இங்கிலீஷே மேல் என்று நம்மவரே சொல்லத் தொடங்குவார்கள்.

நமது பள்ளிக்கூடங்களில் இதுவரையில் நடந்திருப்பதைச் சிறிது கவனிப்போம். இந்திய சர்க்கார் 1984-ல் பள்ளிகளில் கணினி எழுத்தறிவுக்காக ஒரு திட்டம் தொடங்கி, பிரிட்டனிலிருந்து பி.பி.சி. மைக்ரோ என்னும் யந்திரங்களைத் தருவித்துச் சுமார் 250 பள்ளிகளில் வைத்தது. ராஜ்ய சர்க்காரோ 2011 செப்டம்பர் 15-ந் தேதி மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. உலகில் வேறு எங்கும் எளிதில் காண முடியாத அளவில், லட்சக்கணக்கான ஏழை மாணவர்களின் வீடுகளுக்குள் அதன் மூலம் கணினி நுழைந்தது. சில ஆண்டுகள் நின்றிருந்த பிறகு, 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி வழங்கப் போவதாக 2025 மார்ச்சு மாத வரவு செலவுத் திட்டத்தில் மறுபடியும் அறிவிப்பு வந்தது. பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் ஏற்படுத்தப்பட்டன. 2018-ல் வெளிவந்த புதிய பாடப் புத்தகங்களில், ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே கணினி பற்றிய பாடங்கள் சேர்க்கப்பட்டன. பதினோராம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் கணினி அறிவியலைத் தமிழிலேயே எழுதிப் பரீட்சை கொடுக்கலாம். இவ்வளவையும் செய்தவர்களைக் குறை கூறுவது நியாயமாகாது. ஆனால் யந்திரம் ஒரு வழியிலும், புத்தகம் வேறு வழியிலும், உபாத்தியாயரின் வாய்மொழி மூன்றாவது வழியிலும் போய்க்கொண்டிருக்கின்றன.

வயது வந்தவர்களுக்காக மத்திய சர்க்கார் 2017-ல் தொடங்கிய பிரதம மந்திரியின் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கம் வீட்டுக்கு ஒருவராக ஆறு கோடிப் பேருக்குப் பயிற்சி அளிப்பது என்ற நோக்கத்துடன் நடைபெற்று 2024 மார்ச்சில் முடிவுற்றது. பெயரிலேயே இருக்கிறது, அது கிராமப்புறத்துக்கு. ஊரூர் ஒல்காட் குப்பமோ சென்னை மாநகராட்சியின் எல்லைக்குள் இருக்கிறது. வாழ்க்கை முறையால் குப்பம், வரைபடத்தால் மாநகரம். இப்படி இரண்டுங்கெட்டான் நிலையிலுள்ள கடற்கரைக் குப்பங்கள் சென்னையில் வடக்கே காசிமேடு முதல் தெற்கே வரிசையாக இருக்கின்றன. இவற்றிலுள்ள பெரியவர்களுக்கு அத்திட்டத்தில் இடமில்லாமற் போனதால், இங்கே கணினி எழுத்தறிவு என்பது பிள்ளைகளின் வழியாகத்தான் வீட்டுக்குள் வர வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தின் பொறுப்பு இங்கே இரட்டிப்பாகிறது.

ஒரு மாணவனை எடுத்துக்கொள்வோம். புத்தகத்தில் ‘உலாவி’ என்று படிக்கிறான். ஆய்வகத்தில் உட்கார்ந்தால் திரையில் இங்கிலீஷ் எழுத்துக்கள் இருக்கின்றன. உபாத்தியாயர் ‘ப்ரௌசரைத் திற’ என்கிறார். மூன்றும் ஒன்றே என்பதைச் சொல்ல யாரும் இல்லாதபோது, அவனுக்கு ‘உலாவி’ என்பது பரீட்சைக்காக மனப்பாடம் செய்து விடைத்தாளில் விட்டுவிட்டு வரவேண்டிய சொல்லாகிறது. தமிழ்ச் சொல் பரீட்சைக்கு, இங்கிலீஷ்ச் சொல் யந்திரத்துக்கு என்று அவன் மனத்தில் ஒரு பிரிவினை ஏற்பட்டுவிடுகிறது. இதைக் காட்டிலும் தமிழுக்குச் செய்யக்கூடிய தீங்கு வேறில்லை.

சொற்களிலும் குறை இல்லாமல் இல்லை. கைப்பேசியில் நாம் தொட்டுத் திறக்கும் கருவிக்குச் ‘செயலி’ என்று பெயர் வழங்குகிறது. கணினியின் உள்ளே கணக்குப் போடும் சில்லுக்கும் ‘நுண்செயலி’ என்றே பெயர். போதாக்குறைக்கு அந்தப் பாகம் அடங்கிய பகுதிக்குப் பாடப் புத்தகம் ‘மையச் செயலகம்’ என்று பெயரிட்டிருக்கிறது. சென்னைப் பிள்ளைக்குச் செயலகம் என்றால் ஜார்ஜ் கோட்டையில் மந்திரிகள் இருக்கும் இடம்! கணினியின் மூளைக்கு அந்தப் பெயரை இட்டவர், மந்திரிகளிடத்தில் எவ்வளவு மரியாதை வைத்திருந்தார் என்பதை நினைக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. கணினியை யாழ்ப்பாணத்தார் சிலர் ‘கணணி’ என்று எழுதுகிறார்கள். நம்மவரில் சிலர் இன்னும் ‘கணிப்பொறி’யை விடவில்லை. இவையெல்லாம் பெரிய சங்கடங்கள் அல்ல. ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்ற உறுதி வேண்டும்.

கலைச்சொல் பற்றிய இந்த வழக்கு நமக்குப் புதிதன்று. 1916-ல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை நிறுவினார்கள். பரிபாஷைச் சொற்களைச் சேகரிப்பதைப் பற்றிப் பாரதியாரும் எழுதினார். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1936-ல் கலைச்சொல் மாநாடு கூட்டி, 1938-ல் ‘கலைச்சொற்கள்’ என்ற தொகுதியை வெளியிட்டது. 1940-ல் சர்க்கார் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியாரின் தலைமையில் ஒரு கமிட்டி நியமித்தபோது, வடமொழிச் சொற்களா தனித்தமிழ்ச் சொற்களா என்று நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியைத் தமிழறிஞர்கள் மறக்கவில்லை. இரு தரப்பாரும் தமிழின் நன்மையையே கருதினார்கள். எனினும், சொல் எந்த மொழியிலிருந்து வரவேண்டும் என்பதில் செலவிட்ட சக்தியில் பாதியையேனும், அந்தச் சொல்லைக் கொண்டு யாருக்கு எதைக் கற்பிப்பது என்பதில் செலவிட்டிருந்தால், நாம் இன்று இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிராது.

கற்பிக்கிறவன் கையில் சொல் எப்படி உருப்படுகிறது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. ஸாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க வைத்தியர் 1847-ல் யாழ்ப்பாணம் சென்று, பின்னர் மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கு வேண்டிய நூல்களைத் தமிழில் ஆக்கினார், சொற்களைத் திரட்டினார். அவர் கமிட்டிக்காகக் காத்திருக்கவில்லை. எதிரே மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நோயாளியின் உடம்பைக் காட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. பொருளும் சொல்லும் ஒரே சமயத்தில் மாணவனிடம் போய்ச் சேர்ந்தன.

நாம் குப்பத்தை இங்கே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இரக்கம் அல்ல. கணினிச் சொற்களைக் கற்பதற்கு வேண்டிய மூலதனம் பட்டணத்துப் பிள்ளையைக் காட்டிலும் குப்பத்துப் பிள்ளையிடம் அதிகம் இருக்கிறது என்பது நமது துணிபு. வடக்கிலிருந்து வரும் காற்று வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேல்காற்று கச்சான் என்று காற்றுக்கு ஒரு பெயர் வைத்திருக்கும் சமூகம் அது. பட்டணத்தானுக்கு எல்லாம் காற்றுத்தான். நுணுக்கமான வேற்றுமைகளுக்குத் தனித்தனிச் சொல் வைத்து ஆளும் பழக்கமே சாஸ்திரத்தின் ஆரம்பம். மேலும், உலகத்தார் ‘கட்டமரான்’ என்று வழங்கும் சொல் நம் கடற்கரையார் கொடுத்த ‘கட்டுமரம்’ தானே? உலக பாஷைகளுக்குச் சொல் கொடுத்தவன் பேரன், உலக பாஷையிலிருந்து சொல் வாங்கும்போது கூனிக் குறுக வேண்டிய அவசியம் என்ன?

வலையை எடுத்துக்கொள்ளுங்கள். கணினிகளை ஒன்றோடொன்று இணைத்த அமைப்புக்கு வலையமைப்பு என்று பெயர். பட்டணத்து உபாத்தியாயர் கரும்பலகையில் கோடுகள் போட்டு விளக்குகிறார். குப்பத்துப் பிள்ளைக்கோ வீட்டு வாசலிலேயே வலை கிடக்கிறது. நூலும் நூலும் சந்திக்கும் முடிச்சைக் காட்டி, இது ஒரு கணினி. இந்த நூல் செய்தி போகும் வழி என்று சொல்லலாம். வலையில் ஒரு நூல் அறுந்தால் வலை முழுவதும் பிரிந்துவிடுகிறதா? பக்கத்து முடிச்சுகள் தாங்குகின்றன. செய்தியும் அவ்வாறே, ஒரு வழி அடைபட்டால் வேறு முடிச்சுகளைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்கிறது. இது நாம் பிள்ளைகளுக்காகக் கட்டிய உவமை என்று நினைக்க வேண்டாம். 1964-ல் பால் பாரன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், யுத்தத்தில் சில நிலையங்கள் அழிந்தாலும் செய்திப் போக்குவரத்து நில்லாமலிருக்க என்ன வழி என்று ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில் இத்தகைய அமைப்புக்கு ஒரு படம் வரைந்திருக்கிறார். அந்தப் படம் அசல் மீன்வலையைப் போலவே இருக்கும். இன்றைய இணையத்தின் அடிப்படைக் கருத்துக்களில் ஒன்று அதுதான். மேனாட்டுப் பொறியியலாளர் மேசையில் உட்கார்ந்து வரைந்ததை நம் குப்பத்தில் மரத்தடியில் உட்கார்ந்து கையால் பின்னிக்கொண்டிருக்கிறார்கள்.

‘கோப்பு’ என்ற சொல் மற்றொன்று. கோத்து வைப்பது கோப்பு. அக்காலக் கச்சேரிகளில் காகிதங்களைத் துளையிட்டுக் கயிற்றில் கோத்து வைத்தார்கள். கணினியில் எழுத்துக்களை ஒரு பெயரின் கீழ்க் கோத்து வைக்கிறோம். ‘பதிவிறக்கம்’, ‘பதிவேற்றம்’ என்ற இரண்டும் பட்டணத்து மாணவனைக் குழப்புவது வழக்கம். எது மேலே, எது கீழே என்று கேட்பான். படகில் ஐஸும் வலையும் ஏற்றுவதையும், திரும்பிவந்து மீனை இறக்குவதையும் நாள்தோறும் பார்க்கிறவனுக்கு, நம்மிடமிருந்து போவது ஏற்றம், நம்மிடம் வந்து சேருவது இறக்கம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். எல்லாச் சொற்களும் இப்படி வாய்க்கா என்பதையும் நாம் அறிவோம். ‘குக்கீ’யை எந்தக் கடலில் வீசியும் பிடிக்க முடியாது. இங்கிலீஷ்க்காரப் பிள்ளைக்கும் அது முதலில் பிஸ்கோத்துத்தான். அத்தகைய சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, நீ போன இடத்தை நினைவில் வைத்துக்கொள்ள உன் கணினியில் பிறர் விட்டுச் செல்லும் சிறு குறிப்பு என்று சொல்லிக் கொடுத்தால் போதும். கம்ப்யூட்டர், மவுஸ் என்ற சொற்கள் வாயில் வந்ததற்காகப் பிள்ளையின் தலையில் குட்டுவது எவ்வளவு தவறோ, சுட்டி என்று சொன்னவனைப் பார்த்துச் சிரிப்பதும் அவ்வளவே தவறு.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழும். கணினித் தொழில் முழுவதும் இங்கிலீஷில் நடக்கிறது. தமிழில் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை எங்கே போய்ப் பிழைப்பான் என்பார்கள். இதைச் சொல்லுகிறவர்களில் ஏழைப் பெற்றோர்களும் இருக்கிறார்கள். ஆகவே அலட்சியமாகப் பதில் சொல்லக்கூடாது. பிழைப்புக்கு இங்கிலீஷ்ச் சொல் வேண்டியதுதான். அதை யாரும் மறுக்கவில்லை. தமிழ்ச் சொல்லோடு இங்கிலீஷ்ச் சொல்லையும் அன்றைக்கே, அதே பொருளைக் காட்டிக் கற்பிக்க வேண்டும். பொருள் விளங்கியவனுக்கு இரண்டாவது சொல் பளுவாகாது. பொருள் விளங்காதவனுக்கு முதற்சொல்லே பளு. பாக் ஜலசந்திக்கு அப்பால் இலங்கையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் என்ற பாடத்தைத் தமிழ் மாணவர்கள் தமிழிலேயே கற்றுச் சர்க்கார் பரீட்சை எழுதுகிறார்கள். பக்கத்து ராஜ்யமான கேரளம் 2001-ல் பள்ளிகளில் கணினிக் கல்வித் திட்டம் தொடங்கி, விலையில்லாத கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தி, பத்தாம் வகுப்புப் பரீட்சையிலேயே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. அதனால் மலையாளிகள் உலகத்தில் வேலை கிடைக்காமல் திரும்பி வந்துவிட்டார்கள் என்று நாம் கேள்விப்படவில்லை.

எழுதும் பலகையின் விஷயத்தில் நமது அசிரத்தையை மன்னிக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டெழுத்து யந்திரம் கண்ட காலத்திலிருந்து பல விதமான விசைப்பலகைகள் நடமாடின. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகு, ‘தமிழ்99’ என்ற அமைப்பைத் தமிழ்நாட்டுச் சர்க்கார் ஏற்று ஆணை பிறப்பித்தது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று. ஆக 31 விசைகளில் தமிழ் முழுவதும் அடங்கிவிடுகிறது. உயிர்கள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் போதும். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழுந்துவிடும். உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய்யாவதை இரண்டாம் வகுப்பில் படித்த குழந்தை, அதே இலக்கணத்தை விரலால் செய்து பார்க்கிறது. இத்தனை அழகான ஏற்பாடு இருக்க, பிள்ளைகள் கைப்பேசியில் தமிழை ரோமன் எழுத்துக்களில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கற்பிக்காதது பெரியவர்களின் பிழை. பிள்ளைகளின் பிழை அல்ல. ஆய்வகத்து மணி நேரத்தில் வாரம் இரண்டு நாள் இதற்கென்று ஒதுக்கினால், ஒரு பருவத்துக்குள் விரல் பழகிவிடும்.

கடலோரத்தானுக்குக் கணினி எதற்கு என்று கேட்பவர்களுக்குப் புதுச்சேரியைச் சுட்டிக்காட்டுவோம். நம் தரமணியிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிலையம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களை அமைத்தது. வீராம்பட்டினம் மீனவர் கிராமத்து மையத்தில், அமெரிக்கக் கடற்படையார் தங்கள் இணையதளத்தில் வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் கரைக்கு அறிவித்தார்கள். யுத்தக் கப்பல்களுக்காகத் தயாரித்த செய்தி கட்டுமரக்காரனுக்குப் பயன்பட்டது. நல்லவாடு என்ற ஊரில் 2004 டிசம்பர் 26-ந் தேதி நடந்தது இன்னும் பெரிது. சிங்கப்பூரிலிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தி அறிந்து தொலைபேசியில் எச்சரிக்க, ஊரார் மையத்து ஒலிபெருக்கியில் உடனே அறிவித்து ஜனங்களை அப்புறப்படுத்தினார்கள். அதே அலை ஊரூர் ஒல்காட் குப்பத்தின் கரையையும் அன்று தாக்கியது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்து மீனவர்களைக் கடலில் வாரிக்கொண்டு போனபோது, எச்சரிக்கை எப்போது, யாருக்கு, எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதே பெரும் வழக்காயிற்று. இன்று ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் கடலின் நிலையைத் தமிழிலும் அறிவிக்கிறது. செய்தி இருக்கிறது. அதைத் திறந்து, அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் படித்து, வாடையா கொண்டலா என்று தகப்பனுக்குச் சொல்லத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும்.

சர்க்கார் செய்ய வேண்டியது அதிகமான பணச்செலவு பிடிக்கும் காரியமன்று. பள்ளி ஆய்வகங்களிலுள்ள கணினிகளின் திரையைத் தமிழில் அமைக்கலாம். அதற்கு வேண்டிய மென்பொருள்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில், சென்னையிலேயே உருவான ‘பாஸ்’ லினக்ஸும் அவற்றில் இடம்பெற்றிருந்தது. அதை ஏன் பழக்கத்துக்குக் கொண்டுவரவில்லை என்று கல்வி இலாகாவினர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். புத்தகத்தில் வரும் சொல்லும் திரையில் வரும் சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டுமென்று ஒரு விதி செய்தால் பாதிக் குழப்பம் தீரும். சொல்லாக்கத்துக்குச் சர்க்காரிடம் தனி இலாகாவே இருக்கிறது. அவ்விலாகாவில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் சொல்லும் உபாத்தியாயர்கள் நால்வரை உட்கார வைப்பது நலம். ‘மையச் செயலக’த்தை அவர்கள் ஒரு வாரத்தில் கோட்டைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆயினும் எல்லாவற்றையும் சர்க்கார் தலையில் போட்டுவிட்டு நாம் ஒதுங்கியிருப்பது தகாது. தேசிய இயக்கத்தின் நாட்களில் இரவுப் பள்ளிக்கூடம் நடத்தாத தொண்டர் யார்? அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவர்களின் வாரிசுகள் நாம். மேடைகளில் தமிழின் பெருமையைப் பேசுகிற கட்சி ஊழியர்கள், வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை ஏதேனும் ஒரு குப்பத்தில் கழிக்கலாம். யந்திரம் கொண்டுபோக வேண்டியதில்லை. அங்கே ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. ஒரு கைப்பேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றிக் காட்டி, ‘அனுமதி’ என்ற பொத்தான் எதை அனுமதிக்கிறது, கடவுச்சொல்லைக் கேட்டுத் தொலைபேசியில் பேசுகிறவனை ஏன் நம்பக்கூடாது என்று அரை மணி நேரம் பேசினால் போதும். சொல்லிக் கொடுக்கப் போகிறவர் தாம் முதலில் அந்தப் பொத்தானைப் படித்துப் பார்க்க வேண்டியிருக்கும். அதில் சிலருக்கு வெட்கம் ஏற்படலாம், ஏற்படட்டும்.

தரவுச் சட்டத்தின்படி ஸ்தாபனங்கள் தமிழில் அறிவிப்பு வெளியிட வேண்டிய நாள் நெருங்குகிறது. அதற்கு முன்னால், அந்த அறிவிப்புகளின் நகல்களை வக்கீல்களுக்கும் பண்டிதர்களுக்கும் காட்டுவதோடு நிறுத்தாமல், ஊரூர் ஒல்காட் குப்பத்தைப் போன்ற இடங்களில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். எந்தச் சொல்லில் பிள்ளை தடுக்கி நிற்கிறதோ அந்தச் சொல்லின் கீழே கோடிட்டு, எழுதியவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். பெற்றோரின் ஒப்புதலைக் கேட்பவர்கள், பிள்ளை படித்துத் தாய்க்குச் சொல்லக்கூடிய தமிழில் கேட்கட்டும்.